ஆறு வரை

வறண்ட ஓடைக்கு இந்த நாட்டில் வாடி என்று பெயர்.
ஸஹமுக்கு வந்த புதிதில் சிரித்திருக்கிறேன்:
வருடம் பூராவும் வாடி வாடி என்று கூப்பிட்டும்
எட்டிப் பார்க்காத தண்ணீர்.
அந்தச் செவ்வாய் இரவு வந்தாள்.
ஆஸ்பத்திரிப் படியிறங்கி, கதவைத் தட்டாமல்,
நேராக என் அறைக்கு.

அடித்தளத்தில் ஜெனரேட்டர் இரண்டு.
ஒன்று படுத்தால் இன்னொன்று என்பது ஏற்பாடு.
இரண்டுக்கும் தரை ஒன்றுதான் என்பது
ஒன்பது வருடமாக எண்ணெய் மாற்றும் எனக்கே தோன்றவில்லை.
தண்ணீருக்குத் தோன்றியது.

இடுப்பளவில் விட்டுவிட்டு மேலே ஓடினேன்.
தீவிரப் பிரிவில் ஏழு வென்டிலேட்டர்,
பேட்டரியில் இருபது நிமிடம்.
திரையெல்லாம் கறுப்பு.
யார் எந்தப் படுக்கை, எந்த மருந்து எத்தனை மணிக்கு,
எல்லாம் சர்வருக்குள்.
சர்வர் என் பக்கத்து அறையில்,
நீச்சல் தெரியாமல்.

சிஸ்டர் பெனடிக்டா மருந்துப் பெட்டியொன்றைக் கிழித்தார்.
உள்பக்கம் வெள்ளை. கட்டம் போட்டார்.
நாலாம் படுக்கை என்று எழுதி, பேனா நின்றது.
துடைப்பக் கழியோடு நின்ற ஷஃபிகுல் சொன்னான்:
தாத் கரீம், மீன்காரர். பெனிசிலின் ஆகாது.
திங்கட்கிழமை டாக்டர் சொன்னபோது
நான் கட்டிலுக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பெனடிக்டா மணிக்கட்டுப் பட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார்.
சரி. எழுதினார்.
அப்புறம் ஐந்து, ஆறு, ஏழு,
அவனைக் கேட்டு, பட்டையைப் பார்த்து.

பேட்டரிகள் ஒவ்வொன்றாகக் கத்தி அடங்கின.
டாக்டர் ரய்யா என் எண்ணெய்க் கையைக் கழுவச் சொல்லி
ரப்பர் பையைக் கொடுத்தார்.
"ஆறு வரை எண்ணு. அழுத்து. பாதிதான்.
கோபத்தில் அழுத்தாதே."
கோபம் எப்படித் தெரிந்தது என்று கேட்க நேரமில்லை.

கீழே ஓர் ஆறு ஏறிக்கொண்டிருந்தது.
மேலே ஒண்ணு ரெண்டு என்று நான்,
எதிரே ஏக், துய் என்று ஷஃபிகுல்,
வாஹித், இத்னேன் என்று வாசல் காவலர் சுலையம்.
ஒருவர் கணக்கு மற்றவர் காதில் விழுந்து
தப்பாகிவிடும் என்று பயந்தேன்.
ஆறு எல்லோருக்கும்
ஆறாம் இடத்தில்தான் இருந்தது.

தாத் கரீமின் மகன் கண்ணாடிக்கு வெளியே நின்றான்.
ஒரு மணி நேரம் டாக்டர் தலையாட்டவில்லை.
என் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொண்டபோது
அவனை உள்ளே விட்டார்.
யக், தோ, சய், சார்...
வலை இழுத்த கை. கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

மூன்றேகாலுக்கு, மீன் சந்தை ஐஸ் ஃபாக்டரியின் ஜெனரேட்டரை
லாரியில் ஏற்றி, பேரீச்சந்தோட்ட வேலியை உடைத்துக்கொண்டு
குல் ஜமான் பின்வாசலில் வந்து நின்றான்.
கேபிளெல்லாம் கருவாட்டு வாசம்.
ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

ஏழு பேரில் ஆறு பேர்.
ஏழாம் படுக்கையைப் பற்றி டாக்டர் சொன்னார்:
"அது மின்சாரத்தால் இல்லை."
இரண்டு தடவை சொன்னார்.
இரண்டாம் தடவை என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது, அறுபது பக்கம்.
மீள்திறன் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம்.
அதே வாரம் ஷஃபிகுலின் கம்பெனி
அவன் சம்பளத்தில் ஒரு நாளைப் பிடித்தது:
இரண்டாம் மாடி வராந்தா துடைக்கப்படவில்லை.

கூட்டத்தில் ரய்யா அறிக்கையை மூடிவைத்தார்.
முதல் தீர்மானம், அந்த ஒரு நாள் சம்பளம்.
அது கையெழுத்தாகும்வரை
இரண்டாவதற்குப் போகவில்லை.
இரண்டாவது, ஜெனரேட்டர் மொட்டைமாடிக்கு.
மூன்றாவது, மாதம் ஒரு வியாழன்
காலி வார்டில், பொம்மைகளைப் படுக்கவைத்து,
சொல்லாமல் கொள்ளாமல் கொஞ்சம் இருட்டு.

சுவிட்சை அணைப்பது நான்.
அணைத்துவிட்டு அங்கேயே நிற்பேன்.
முதலில் செருப்புச் சத்தம்.
ஒரு டிராலி எதிலோ இடிக்கும்.
யாரோ திட்டுவார்கள், எனக்குத் தெரியாத பாஷையில்.
பிறகு
அட்டை கிழிகிற சத்தம்.